போன நேரம், வந்த நேரம்

ஜூலை 17, வியாழன் (ஆடி 1)

காலை 5.40க்கு எழுந்தேன். 5.55க்கு வர வேண்டிய காபி 6.00க்கு வந்தது. காரணம்: பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

நான் இப்படி எழுதுவதைப் பார்த்தால் என் மனைவி நல்லம்மாளுக்குச் சிரிப்பு. "ரிட்டையர் ஆயி ரெண்டு வருசமாச்சு. இன்னும் என்னைய பஸ்ஸுன்னே நெனச்சுட்டு இருக்கீங்களா?" என்பாள். திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஒவ்வொரு வண்டிக்கும் வந்த நேரம், போன நேரம், தாமதமானால் காரணம் என்று மூன்று கட்டம் நிரப்பிய கை. சும்மா இரு என்றால் இருக்குமா?

மகள் தாரணியை நேற்றுக் கோயமுத்தூரிலிருந்து அழைத்து வந்தோம். தை மாதம் கல்யாணம் ஆனவள், இது தலை ஆடி. மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இருப்பாள். ஆவணி முதல் தேதி மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவார்.

மதியம் வாசலில் தேங்காய் சுட்டோம். பாசிப்பருப்பு, வெல்லம், எள் எல்லாம் உள்ளே போட்டு, குச்சியில் குத்தித் தீயில் வாட்டுவது எங்கள் பக்கத்து ஆடி நோம்பி. சின்ன வயதில் அந்தக் குச்சியைப் பிடிக்க எங்கள் அம்முணி தாரணி அடம் பிடிப்பாள். இன்று தீ மூட்டியதும் தலை வலிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். பயண அலுப்பு.

மாலை மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, நேத்து 4.12க்கு ஆட்டோவுல வந்து எறங்குனீங்க போல."

"4.10 மாப்ள" என்றேன்.

"கேமராவுல 4.12ன்னு இருக்குது மாமா."

என் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருக்கிறது. திருத்தி வைத்தேன். நேரத்துக்கு மரியாதை கொடுக்கிற ஒரு ஆள் கடைசியில் இந்தக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தார் என்று எனக்கு மகா சந்தோஷம்.

ஜூலை 19, சனி

கேமரா பற்றி இதில் நான் எழுதவில்லை என்று இன்றுதான் கவனித்தேன். பங்குனியில் மாப்பிள்ளை சசிதரன் வாங்கி வந்தது. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், எல்லாம் கைவந்த கலை. "நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறீங்க மாமா, ஒரு பாதுகாப்பு வேணும்" என்று அவரே ஏணியில் ஏறிப் போர்ட்டிகோவுக்கு மேலே மாட்டினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் போன நாலு பேர் பார்த்தார்கள். மாப்பிள்ளை தன் கையால் மாட்டுகிறார் என்று அவர்களிடம் நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

"உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம், எல்லாம் என் நம்பர்லயே போட்டுட்டேன். உங்க போன்ல சும்மா பாத்துக்கலாம்" என்றார். வைஃபை பாஸ்வேர்டு கேட்டார். கேட்டைக் காட்டினேன். 'தாரணி இல்லம் 2001' என்று கருங்கல்லில் வெட்டியிருக்கிறது அல்லவா, அதேதான். மறக்கவே மறக்காது.

வாசலில் இன்று கோலம் நல்லம்மாள்தான் போட்டாள். கல்யாணத்துக்கு முன்பு அது தாரணியின் வேலை. மாமியார் வீட்டுக்குப் போனதும் சோம்பேறி ஆகிவிட்டாள் என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

தாரணி 10.20க்குப் போனாள், 12.45க்கு வந்தாள். நூலகம். கல்யாணத்துக்கு முன்பு பாதியில் விட்ட அரசாங்கப் பரீட்சைக்கு மறுபடி படிக்கிறாளாம்.

10.27க்கே மாப்பிள்ளையின் போன். "மாமா, தாரணி எங்கயோ கெளம்புச்சே?"

"லைப்ரரிக்குங்க."

"ஸ்கூட்டியில வந்து கூட்டிட்டுப் போனது யாரு?"

"மலர்விழி. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. ரைஸ் மில்லுக்கு எதுத்த வீடு. அவ அப்பா போர் போடற ரிக் வண்டி ஓட்டறாரு."

"ஹெல்மெட் போட்டிருந்துது, மூஞ்சி தெரியல. அதான் கேட்டேன்."

மதியம் 12.50க்கு மறுபடி போன். வந்துவிட்டாளா என்று உறுதி செய்துகொண்டார். ஆடி மாதம் பிரிந்திருப்பது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது, பாவம். நான் கல்யாணம் ஆன புதிதில் நல்லம்மாளை ஒரு மாதம் ஆடிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சீட்டு விளையாடியவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாசம் அதிகம்.

ஜூலை 24, வியாழன்

தாரணி 10.15க்குப் பொடக்காலிக் கதவு வழியாகப் போனாள். கொல்லைப்புறத்துச் சந்தில் முனியப்பன் வீட்டு எருமை கட்டியிருக்கிறது, கால் வைக்க இடமில்லை. முன்வாசல் சும்மாதானே இருக்கிறது என்றேன். "இந்தப் பக்கம் கிட்டக்கங்ப்பா" என்றாள். கிட்டக்க இல்லை. நானே நடந்து பார்த்தேன், மூன்று நிமிடம் அதிகம்.

ஜூலை 25, வெள்ளி

மாப்பிள்ளையிடம் பேச்சுவாக்கில் இந்த எருமைச் சந்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எத்தன மணிக்குப் போச்சு மாமா?" என்று கேட்டார். சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று வீட்டில் ஒரு கூத்து.

காலை 11.05. நல்லம்மாள் போர்ட்டிகோவில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தாரணி துணி காயப்போட முன்பக்கம் வந்தாள். திடீரென்று மேலேயிருந்து ஒரு ஆண் குரல்: "போன ஏன் எடுக்கல?"

நல்லம்மாள் "அய்யோ!" என்று கத்தி முறத்தைக் கவிழ்த்துவிட்டாள். அரிசி முழுக்கத் தரையில். யாரோ மாடியில் ஏறிவிட்டான் என்று நான் தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தால் கேமரா. அதற்குள் ஒலிபெருக்கி இருக்கிறதாம். மாப்பிள்ளை கோயமுத்தூரிலிருந்தே பேசுகிறார்.

"அத்தை, பயந்துட்டீங்களா? சாரி அத்தை."

"மாப்ளயா? சாப்டீங்களா மாப்ள?" என்று நல்லம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேமராவை அண்ணாந்து பார்த்துப் பேசினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தாரணி ஈரத் துணியைக் கையில் வைத்தபடியே நின்றாள். "சார்ஜ்ல போட்டிருந்தேன்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். அவள் உள்ளே போகும்போது அந்தக் கேமரா கழுத்தைத் திருப்பிக்கொண்டே வந்தது. திரும்பும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அரிசி பொறுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

இரண்டு நாளாக இன்டர்நெட் ஆமை வேகம். கேபிள் ரங்கநாதனைக் கூப்பிட்டேன். என் வயதுக்காரர், பேருந்து நிலையத்தில் டீக்கடை நட்பு. வந்ததும் பாஸ்வேர்டு கேட்டார். கேட்டைக் காட்டினேன்.

ஒரு நிமிடம் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க அர்த்தநாரி, பூட்டு வாங்கி மாட்டிட்டு சாவியக் கல்லுல வெட்டி வாசல்ல வெச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்றார். பக்கத்து இரண்டு வீட்டு டிவியும் என் வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருந்ததாம்.

உடனே மாற்றச் சொன்னார். ஈரோட்டுக்கு முதல் வண்டி 4.15 என்பதை வைத்து ஒன்று சொன்னேன். மாற்றிக் கொடுத்தார். வேகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை போன், இருபது நிமிடத்துக்குள். "மாமா, கேமரா ஆஃப்லைன்ல இருக்குது." விஷயத்தைச் சொன்னேன். "புதுசு என்ன மாமா?" என்றார். சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை ஒன்று கேட்டு இல்லை என்று எந்த வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்? அங்கிருந்தே சரிசெய்ய முடியாதாம். பதினெட்டாம் பெருக்குக்கு விருந்துக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றார். கொஞ்சம் கோபமாக இருந்தாற்போல் பட்டது. சிக்னல் சரியில்லாமலும் இருக்கலாம்.

தாரணியிடம், கேமரா ஞாயிறு வரை வேலை செய்யாது என்று சொன்னேன்.

ஜூலை 30, புதன்

5.40க்கு எழுந்து கதவைத் திறந்தால் வாசல் முழுக்கக் கோலம். பதினைந்து புள்ளி, தாமரைப்பூ. தாரணி கையெல்லாம் மாவாக நின்றுகொண்டு, "மிதிச்சுப் போடாதீங்ப்பா, சுத்திப் போங்க" என்றாள்.

ஜூலை 31, வியாழன்

கோலம். மயில்.

தாரணி 10.10க்கு முன்வாசல் வழியாகப் போனாள். 1.30க்கு வந்தாள். மலர்விழியும் கூட வந்து, இருவரும் போர்ட்டிகோவில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றார்கள். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நல்லம்மாள் உள்ளேயிருந்து, "பிள்ள சிரிச்சுக் கேட்டு எத்தன நாளாச்சுங்க" என்றாள். நேற்று ஒரு மழை பெய்து குளிர்ந்ததால் எல்லோருக்குமே மனசு தெளிவாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

கோலம். தேர். நாளை மாப்பிள்ளை வருகிறார். ஒப்புட்டுக்குப் பருப்பு ஊறுகிறது. தாரணி சீக்கிரமே படுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு (ஆடி 18)

மாப்பிள்ளை 9.35க்கு வந்தார். வேட்டி சட்டை எடுத்து வைத்திருந்தோம், கட்டிக்கொண்டார். ஒப்புட்டு, பச்சைப்பயறுப் பாயசம், ஏழு வகைக் காய். குறை ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. குரல் உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை.

சாப்பிட்டதும் ஏணி கேட்டார். கேமராவைச் சரி செய்தார். பிறகு பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தார். "இது பின்னாடிக்கு மாமா. சந்துப் பக்கம் யாரு வர்றா போறான்னு தெரியாம இருக்குது. பாதுகாப்பில்ல."

அந்தச் சந்துப் பக்கம் அவர் போனதே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நான்தான் சொன்னேன்.

பொடக்காலிக் கதவுக்கு மேலே அவர் திருகாணி முடுக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். தாரணி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கேமராவை அல்ல, அவரை அல்ல, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை. சாப்பாடு கூடிப்போய் நெஞ்சைக் கரித்துக்கொண்டே இருந்தது, அதனாலும் இருக்கலாம்.

மாப்பிள்ளை 4.20க்குக் கிளம்பினார். ஆவணி ஒன்றாம் தேதி காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோலம் நல்லம்மாள். தாரணி வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போகவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

போகவில்லை. மலர்விழி வந்து கேட்டின் வெளியே நின்று கூப்பிட்டாள். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னாள் தாரணி. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆடி வெள்ளி. நல்லம்மாளும் தாரணியும் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போவதாக இருந்தது. தாரணி மாட்டேன் என்றாள். நல்லம்மாள் மட்டும் போனாள். 11.00 மணிக்குக் கத்தரிக்கோல் தேடித் தாரணியின் அறைக்குப் போனேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மேசையில் பரீட்சைப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. நீள நோட்டு என்றால் எனக்குத் தானாகக் கை போகும்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டம். போன நேரம். வந்த நேரம். காரணம்.

என்னுடைய ரெஜிஸ்டர் அப்படியே. சின்ன வயதில் பள்ளி விட்டதும் பேருந்து நிலையத்தில் என் கூண்டுக்கு வந்து, என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய தாளில் இதே மாதிரி கோடு போட்டு டைம் கீப்பர் விளையாட்டு விளையாடுவாள். அந்தக் கோடுதான்.

மாசியில் ஆரம்பித்து ஆனி வரைக்கும், ஒரு நாள் விடாமல். 10.10, 10.16, பால். 4.02, 4.31, காய்கறி, கடையில் கூட்டம். 7.15, 7.18, குப்பை. ஒரு நாள் 11.20க்குப் போய் 11.52க்கு வந்ததற்குக் காரணம் இரண்டு முறை எழுதி அடித்து, மூன்றாவது முறை 'வழியில் யாரிடமும் பேசவில்லை' என்று எழுதியிருந்தாள்.

கையெழுத்து நன்றாக இருந்தது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து என்னையும் நோட்டையும் பார்த்தாள். ஓடி வந்து பிடுங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்ன அம்முணி இது?"

"அங்க எங்க வீட்ல ஹால்ல ஒரு கேமரா, வாசல்ல ஒண்ணு இருக்குதுங்ப்பா. சாயந்தரம் அவரு வந்து உக்காந்து கேப்பாரு. கேமராவுல இருக்கறதும் நாஞ் சொல்றதும் ஒத்து வரோணும். மறந்து போயிருதுன்னு எழுதி வெச்சுக்க ஆரம்பிச்சேன்."

"ஒத்து வரலீன்னா?"

"அடிக்க மாட்டாரு. வையவும் மாட்டாரு. பேச மாட்டாரு. மூணு நாளு, நாலு நாளு. நான் போட்ட சோறு அப்புடியே இருக்கும். பரீட்சை எழுதறன்னு சொன்னதுக்கு ஒம்போது நாளு."

"எங்க கிட்ட ஏன் சாமி சொல்லல?"

நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்கதான ஏணியப் புடிச்சீங்க" என்றாள்.

கத்தரிக்கோலை எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 17லிருந்து இந்த டைரியைத் திருப்பி வாசித்தேன். 10.20, 12.45, 10.15, 10.10, 1.30. அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் நிமிட சுத்தமாகப் பதில் சொன்னது நான். பேருந்து தாமதமானால் நாற்பது பேர் வெயிலில் நிற்பார்கள், அதனால் காரணம் கேட்கலாம். பால் வாங்கப் போன பிள்ளையிடம் என்ன காரணம் கேட்பது? எனக்கு அவமானமாக இருக்கிறது. வேறு எப்படியும் இதை எழுத முடியாது.

ஆகஸ்ட் 9, சனி

ரங்கநாதனின் கடைக்கு நடந்தே போனேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. "வெளிய இருக்கறவங்க யாரும் உள்ள பாக்கக் கூடாது, அதுக்கு என்ன பண்ணோணும்" என்று மட்டும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பாஸ்வேர்டை மாற்றியது பாதி வேலைதானாம். அந்த வைஃபை பெட்டிக்கே தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற அந்தச் சொல்லையே நாலு வருடமாக மாற்றாமல் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்தவர் யாரும் அதைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். "மொதல்ல அத மாத்தோணும். அப்பறம் கேமராவுக்குன்னு தனியா ஒரு வைஃபை பிரிச்சு விட்டரலாம். அது வேற, உங்க போனு வேற. பேரு, பொறந்த நாளு, வீட்டு நம்பரு, பஸ்ஸு டைமு எதுவும் வெக்காதீங்க சாமி."

"கேமரா?"

"அது யாரு நம்பர்ல இருக்குதோ அவங்கதான் மொதலாளி. வைஃபைய மாத்துனா கண்ணு மூடிக்கும், அவ்வளவுதான். உங்க நம்பருக்கு மாத்தோணும்னா அவங்களா விட்டுக் குடுக்கோணும்."

மாலை தாரணியைக் கூப்பிட்டு ரங்கநாதன் எழுதிக் கொடுத்த தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியுங்ப்பா" என்றாள். "தெரிஞ்சும் ஏன் பண்ணல?" என்று கேட்க வாய் திறந்தேன். மாப்பிள்ளை மாட்டியது என்று தெருவெல்லாம் சொன்னவன் வீட்டில் அவள் எப்படிக் கை வைப்பாள்? வாயை மூடிக்கொண்டேன்.

அவள்தான் எல்லாம் செய்தாள். பெட்டியின் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, கேமராவுக்குத் தனி வைஃபை. ஒவ்வொன்றையும் தட்டும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். "நீங்க பாக்கலாங்ப்பா" என்றாள். வேண்டாம் என்றேன். யாராவது கேட்டால் என் வாய் நிற்காது.

5.48க்கு இரண்டு கேமராவிலும் விளக்கு அணைந்தது. போன் 5.55க்கு அடிக்க ஆரம்பித்தது. ஏழு முறை. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, 10.30க்கு நானே போன் போட்டேன். நல்லம்மாள் பக்கத்தில் நின்றாள். நேற்றே அவளிடம் நோட்டைக் காட்டிவிட்டேன். ராத்திரி சாப்பிடவில்லை அவள்.

"மாப்ள, அந்த ரெண்டு கேமராவையும் உங்க நம்பர்ல இருந்து விட்டுருங்க."

"ஏன் மாமா? பாதுகாப்புக்குத்தான மாட்டுனேன்."

"பாதுகாப்பு நாங்க பாத்துக்கறங்க."

"என் பொண்டாட்டி எங்க போறா வர்றான்னு எனக்குத் தெரியக் கூடாதா மாமா?" குரல் உயரவில்லை. எப்போதும் போலத்தான் பேசினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"தெரியோணும்னா அம்முணியக் கேளுங்க. அது சொன்னாத் தெரிஞ்சுக்கங்க. சொல்லலீன்னா பேசாம இருங்க. நான் இனிச் சொல்ல மாட்டேன்."

"நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு நெனைக்கல. ஆவணி ஒண்ணாந்தேதி கூட்டிட்டுப் போக வரேன்."

"வாங்க மாப்ள. வர்றதும் வராததும் அது சொல்லும்."

வைத்துவிட்டார். தாளில் எழுதியது ஒன்றையும் நான் படிக்கவில்லை. நல்லம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு மாப்பிள்ளையிடம் இப்படிப் பேசினேன் என்று ஊரில் தெரிந்தால் என்னைத்தான் குறை சொல்வார்கள். சொல்லட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அந்தப் பக்கம் பேச்சில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேச்சில்லை. தாரணி முன்வாசலில் கோலம் போட்டாள். சின்னக் கோலம்.

ஆகஸ்ட் 13, புதன்

மூன்று நாள் என்று அவள் சொன்னது சரிதான். மதியம் என் போனில் ஒரு அறிவிப்பு. கேமரா இரண்டும் அவர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஒரு வார்த்தை கூட எழுதவில்லை.

நான் ஏணியில் ஏறினேன். தாரணி பிடித்துக்கொண்டாள். பின்பக்கத்துக் கேமராவைக் கழற்றி, திருகாணி நான்கையும் சேர்த்து அதே பெட்டியில் போட்டு வைத்தேன். முன்பக்கத்துக் கேமராவைக் கழற்றப் போனபோது தாரணி வேண்டாம் என்றாள். "போன மாசம் அடுத்த தெருவுல வண்டி திருடு போச்சில்லீங்ப்பா. இருக்கட்டும்." தன் நம்பரில் பதிந்து, தனி வைஃபையில் சேர்த்து, ஒலிபெருக்கியை அணைத்து, கழுத்தைத் திருப்பி கேட்டையும் தெருவையும் மட்டும் பார்க்கும்படி வைத்தாள். போர்ட்டிகோவும் கோலம் போடுகிற இடமும் அதற்கு இனித் தெரியாது.

புதுப் பாஸ்வேர்டைக் கேட்டு இங்கே குறித்து வைக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பேனாவை மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு (ஆவணி 1)

மாப்பிள்ளை 8.50க்கு வந்தார். வாங்க என்றோம். இலை போட்டோம். இட்லி, வடை, பாயசம். முறையில் ஒன்றும் குறைக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். போனை எடுத்துப் பார்த்து, எங்கள் வீட்டில் எப்போதுமே சிக்னல் குறைவு என்பதால், சாதாரணமாகக் கேட்டார்: "மாமா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

நல்லம்மாள் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க மாப்ள" என்றேன். "அம்முணிதான் வெச்சிருக்குது."

பொய் இல்லை என்பதால் என் குரல் நேராக வந்தது. அவர் தாரணியைப் பார்த்தார். அவள் சொல்லவில்லை. முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை.

"கெளம்பலாமா?" என்றார்.

"நான் இப்ப வரலீங்க" என்றாள். "பரீட்சை எழுதோணும். எழுதிட்டுப் பேசலாம். அங்க ஹால்ல இருக்கறதையும் வாசல்ல இருக்கறதையும் கழட்டிட்டுச் சொல்லுங்க. நான் வந்து பாத்துட்டு, அப்பறம் வரலாமா வேண்டாமான்னு நாஞ் சொல்றேன்."

"காரணம் கேட்டா உங்கப்பா ஊருக்கு என்ன சொல்லுவாரு?"

அந்தக் கேள்வி எனக்கானது. "காரணம் எழுதற வேலையில இருந்து நான் ரிட்டையர் ஆயிட்டனுங்க" என்றேன்.

பின்பக்கத்துக் கேமராப் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கேட் வரைக்கும் வழியனுப்பப் போனேன். அவர் போகும்போது ஒரு முறை மேலே கேமராவைப் பார்த்தார். அது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லம்மாள் அழுதாள். நானும் கொஞ்சம். தாரணி மட்டும் இரண்டு கிண்ணம் பாயசம் குடித்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாசலில் தாமரைக் கோலம். சுற்றிக்கொண்டு போய்ப் பால் வாங்கினேன்.

தாரணி முன்வாசல் வழியாக வெளியே போனாள். கேட்டைச் சாத்தும்போது, "போயிட்டு வாரனுங்ப்பா" என்றாள். சரி என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து நல்லம்மாள், "பிள்ள எத்தன மணிக்குப் போச்சுங்க?" என்று கேட்டாள்.

மணி பார்க்கவில்லை.